"அதுவும் இருக்கலாம் சார்"

நான் சொன்னது இவ்வளவுதான். கையெல்லாம் கிரீஸ், ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சொன்னது. மூன்று வார்த்தை. அது பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் ராத்திரி படுத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அதுதான்.

பிக்கப் ஓனர் தன் டிரைவரைப் பற்றிக் கேட்டது இது: "பையன் கிளட்சை வெடுக்குன்னு விடுறானோ? அதனால கிராஸ் போகுமா?"

போகும். தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் போகும் என்றுதான் சொல்வார்கள். கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சினின் முறுக்கு மொத்தமும், அதைக் கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குக் கொண்டு போகிற புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரே அடியாக இறங்கும். அதை வாங்கிக்கொள்வது ஷாஃப்டின் மூட்டில், கூட்டல் குறி மாதிரி, விரல் மொத்தத்தில் இருக்கிற கிராஸ். அதனால்தான் "அதுவும் இருக்கலாம்" என்றேன். ஆனால் அவர் கேட்டது கிராஸைப் பற்றியா, அந்தப் பையனைப் பற்றியா என்று ஒரு நொடி யோசித்திருந்தால் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நம்ப விரும்புகிறேன்.

அந்தப் பிக்கப் இரண்டாவது தடவையாக வந்திருந்த நேரம் அது. முதல் தடவை வந்தபோது பின்பக்கக் கிராஸ் மட்டும் போயிருந்தது. ரிவர்ஸ் போட்டால் "டக்" என்று ஒரு சத்தம், முதல் கியரில் எடுக்கும்போது ஒரு உதறல். கழற்றி, புதுசு மாட்டி, கிராஸின் நான்கு காலிலும் மாட்டுகிற கப்பில் சீலைத் தாண்டிப் புது கிரீஸ் வெளியே வருகிற வரை அடித்து அனுப்பினேன். ஏழு வாரத்தில் அதே கிராஸ், அதே சத்தம். இரண்டாவது தடவை சும்மா மாற்றி அனுப்பவில்லை, என் பக்கம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஷாஃப்டை நடுவில் தாங்குகிற சென்டர் பேரிங்கின் ரப்பரில் லேசாக வெடிப்பு இருந்தது, அதையும் மாற்றினேன். ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்க அனுப்பினேன். ஷாஃப்ட் நீளவும் குறையவும் விடுகிற ஸ்லிப் யோக்கைப் பல் மாற்றி மாட்டியிருந்தால், இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கிற யோக்கும் ஒரே வரிசையில் நிற்காது, நடுக்கம் வரும். அதையும் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் கடப்பாரை வைத்து நெம்பிப் பார்த்தேன். கேட்டால் ஒழுங்கான மெக்கானிக் செய்கிற எல்லாவற்றையும் செய்தேன் என்றுதான் சொல்வேன்.

பட்டையை மட்டும் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன். அதுதான் விஷயம்.

முதல் தடவை வண்டிக்கு அடியில் நின்றபோதே பின்பக்கப் பட்டைக் கட்டு (லீஃப் ஸ்பிரிங்) கண்ணில் பட்டது. பழைய பட்டைகள் துருப் பிடித்து, சேறு காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நடுவில் இரண்டு பட்டை மட்டும் கறுப்புப் பெயின்ட் கூடப் போகாமல் பளிச்சென்று இருந்தன. யூ போல்ட்டும் புதுசு. யாரோ இரண்டு பட்டை சேர்த்திருக்கிறார்கள் என்று மனசில் ஓடியது. அப்புறம் கிராஸின் லாக்கைக் கழற்றப் போய்விட்டேன். பட்டை வேலை எனக்கு வந்த வேலை இல்லை. வேறொருவர் செய்த வேலை, அதைப் பற்றி ஓனர் எதுவும் கேட்கவும் இல்லை. அப்போது இதெல்லாம் நல்ல காரணமாகத் தோன்றியது.

அந்தப் பையன் (பையன் என்று ஓனர் சொல்லிச் சொல்லி எனக்கும் அதே வாயில் வருகிறது, அவருக்கு முப்பதாவது இருக்கும்) இரண்டு தடவையும் கூடவே நின்றார். வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ஆள் இல்லை. டார்ச் பிடித்தார். கழற்றிய நட்டை வரிசையாகத் துணியில் வைத்தார். இரண்டாவது தடவை நான் ஷாஃப்டை இறக்கும்போது சொன்னார்:

"அண்ணே, லோடு ஏத்திட்டா ஒண்ணும் தெரியல. காலியா திரும்பி வரும்போதுதான் நடுங்குது. அறுபதைத் தாண்டினா சீட்டுக்கு அடியில குறுகுறுங்குது."

நான் தலையைத் தூக்காமலே சொன்னேன்: "லோடு ஏத்தினா வண்டி அமுங்கி உட்கார்ந்துக்கும்பா, அதனால தெரியாது. கிராஸ் போறது லோடுலதான்."

அமுங்கி உட்கார்ந்துக்கும் என்று நானே சொல்லியிருக்கிறேன். விடையை என் வாயால் சொல்லிவிட்டு, அது என் காதில் விழாமல் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் "சரிண்ணே" என்று டார்ச்சைத் திருப்பிப் பிடித்தார். அப்போதுதான் ஓனரின் ஃபோன் வந்தது. நான் சொன்ன பதில் பக்கத்தில் நின்ற அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. கேள்வி அவர் காதுக்குப் போயிருக்காது, பதில் மட்டும்தான். அந்த மூன்று வார்த்தையை வைத்து யாராலும் எதுவும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் டார்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடியது மாதிரி எனக்கு ஒரு ஞாபகம். நடந்ததா, பின்னால் நானாகச் சேர்த்துக்கொண்டதா, பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது தடவை வண்டி வந்தபோது வேறு டிரைவர். ஐந்தே வாரம். அதே பின்பக்கக் கிராஸ்.

"பழைய ஆள் எங்கே?" என்றேன்.

"அவரை நிறுத்திட்டாங்க. வண்டியை முரட்டுத்தனமா ஓட்டுறாருன்னு."

புது டிரைவர் வயதானவர். வண்டியை அவர் உள்ளே கொண்டு வந்ததைப் பார்த்தேன். கிளட்சை அவ்வளவு நிதானமாக விட்டும், முதல் கியரில் அதே உதறல் வந்தது. கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டேன்.

கிராஸ் ஜாயிண்ட் நேராகச் சுற்றினால் பிரச்சினை இல்லை. கோணத்தில் சுற்றும்போது உள்ளே வருகிற வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகிற வேகம் சீராக இருக்காது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். இது 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம், படிக்கும்போது எங்களுக்கு ஹூக் ஜாயிண்ட் என்றுதான் சொல்லித் தந்தார்கள். 7 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் மேலே முக்கால் சதவீதம், கீழே முக்கால் சதவீதம். கேட்க ஒன்றுமில்லை மாதிரி இருக்கும். ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டரில், டிஃபரன்ஷியல் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2500 சுற்று சுற்றும். நொடிக்கு எண்பது தடவைக்கு மேல் அந்த முக்கால் சதவீதம் இழுத்து இழுத்து விடும். இதற்குத்தான் ஷாஃப்டின் மறுமுனையில் இன்னொரு கிராஸ் இருக்கிறது. இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் தவறை இன்னொன்று அடித்துவிடும். வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 3 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது, கப்புக்குள் ஊசி மாதிரி இருக்கிற நீடில் உருளாமல் ஒரே இடத்தைக் குத்திக்கொண்டிருக்கும்.

வண்டியைத் தரையில் நிறுத்தி, அடியில் படுத்து, காந்தம் ஒட்டுகிற கோணமானியை வைத்து அளந்தேன். காலி வண்டி. சென்டர் பேரிங் பக்கக் கிராஸில் 4 டிகிரி, ஹவுசிங் (பின் ஆக்ஸிலின் கூடு) பக்கக் கிராஸில் 7 டிகிரி. இரண்டு பட்டை சேர்த்ததில் பின்பக்கம் தூக்கி நின்றது. பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் கோணத்தைச் சரிக்கட்ட வைக்கிற ஆப்புத் தகடு வைக்கப்படவே இல்லை. லோடு ஏற்றினால் வண்டி அமுங்கும், ஷாஃப்டின் சரிவு குறையும், இரண்டு கோணமும் சேர்ந்து குறையும், நடுக்கமும் குறையும். காலியாகத் திரும்பி வரும்போதுதான் மோசம். அந்தத் தம்பி சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அதுதான்.

எனக்கு எரிச்சலாக இருந்தது இன்னொரு விஷயம். எடுக்கும்போது வருகிற அந்த உதறலும் கோணம் தப்பாக இருந்தால் தானாக வரும். முறுக்கு ஏறும்போது ஹவுசிங்கின் மூக்கு மேலே தூக்கும், கோணம் இன்னும் மாறும். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவருக்கு டிரைவர் கிளட்சை வெடுக்கென்று விட்ட மாதிரியே தெரியும். ஓனர் ஒருநாள் கூட உட்கார்ந்து வந்திருப்பார், உதறியிருக்கும், பையன் சரியில்லை என்று முடிவு கட்டியிருப்பார். அதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் எனக்கு ஃபோன் செய்திருப்பார்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கழற்றிய கிராஸைத் துடைத்துப் பார்த்தால், எதிரெதிர் காலில் நீடில் பதிந்த கோடு கோடான தழும்பு. நகத்தை வைத்து இழுத்தால் சீப்பின் பல் மாதிரி தட்டுப்படும். கோணம் அதிகமானாலும் இந்தத் தழும்புதான் வரும், முறுக்கு அடி அதிகமானாலும் இதே தழும்புதான் வரும். கிராஸைப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. அதோடு, லிஃப்டில் வண்டியைச் சேஸிஸில் பிடித்துத் தூக்கும்போது ஹவுசிங் தொங்கிவிடும், எல்லா வண்டியிலும் கோணம் தப்பாகத்தான் தெரியும். அப்படித் தொங்குகிற வண்டியில் இதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். இவ்வளவும் உண்மை.

ஆனால் பிரிக்க ஒரு வழி இருந்தது. காலி வண்டியை எடுத்துக்கொண்டு போய், 70, 80 வரை ஏற்றி, நியூட்ரல் போட்டு எஞ்சினை ஐடிலில் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். அப்போதும் நடுக்கம் இருந்தால் எஞ்சினும் இல்லை கிளட்சும் இல்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான். நான் செய்த டிரையல் நாற்பதைத் தாண்டவில்லை. சத்தம் போய்விட்டது, திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன். பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், சொல்லவும் செய்தார்.

ஓனரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பட்டை சேர்த்ததுதான் சார் காரணம். ஒரு பட்டையை எடுத்துட்டு ஆப்பு வைக்கணும்."

"பட்டையை எடுத்தா லோடு தாங்காதே?"

பட்டை சேர்த்தால் வண்டி தாழாது, அவ்வளவுதான். ஆக்ஸிலும் பிரேக்கும் டயரும் பழையபடியேதான் இருக்கும், வண்டிக்குச் சொன்ன எடைக்கு மேல் ஏற்றக் கூடாது என்று விளக்கினேன். அரை மனசாகச் சரி என்றார். ஆப்பு வைத்து மறுபடி அளந்தேன். காலி வண்டியில் சென்டர் பக்கம் இரண்டரை, ஹவுசிங் பக்கம் 3. எண்பதில் ஓட்டிப் பார்த்தேன், சீட்டுக்கு அடியில் ஒன்றுமில்லை. ஐந்து மாதம் ஆகிறது, அந்தக் கிராஸ் இன்னும் அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு ஃபோனை வைக்கும் முன் சொன்னேன்: "அப்ப டிரைவர் ஓட்டினதுல தப்பு இருந்திருக்காது சார்." சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். "இருந்திருக்காது" என்றேனா, "அவ்வளவா இருந்திருக்காது" என்றேனா என்பதில்தான் சந்தேகம். பதிலுக்கு அவர் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அது வேற, அவன் லேட்டாவும் வருவான். சரி விடுங்க, வண்டி சரியாச்சுல்ல." கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நான் சொன்னதால் மட்டும் போகவில்லை, வேறு காரணமும் இருந்திருக்கிறது என்று. அந்த நிம்மதி வந்ததுதான் இப்போது அதிகமாகக் கஷ்டப்படுத்துகிறது. உண்மையாகவே லேட்டாக வருகிற ஆளாக இருந்திருக்கலாம். என்னிடம் இரண்டு தடவையும் காலையில் கதவு திறக்கும் முன்னாலேயே வந்து நின்றார்.

காரணம் தெரியாதபோது "தெரியல" என்று சொல்ல வேண்டும் என்று அப்புறம் முடிவு செய்தேன். போன மாதம் இன்னொரு ஓனர் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டார், பிரேக் ஷூ சீக்கிரம் தேய்வதற்கு டிரைவர்தான் காரணமா என்று. "தெரியல சார், பார்த்துட்டுத்தான் சொல்லணும்" என்றேன். மறுநாளே வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டு போய்விட்டார். அங்கே என்ன பதில் கிடைத்திருக்கும், அந்த வண்டியின் டிரைவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால், நான் வாயைத் திறந்து "டிரைவர் இல்ல சார்" என்றே சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. அதுவும் பார்க்காமல் சொன்ன பதிலாகத்தான் இருந்திருக்கும்.

அந்தத் தம்பியின் நம்பர் என் ஃபோனில் இருக்கிறது. வேலை முடிந்ததா என்று கேட்கக் கூப்பிட்டபோது சேமித்து வைத்தது. பெயர் கேட்கவில்லை, "பிக்கப் டிரைவர்" என்று போட்டிருக்கிறேன். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? நீ சொன்னதுதான் சரி என்றா? அது அவருக்கு முதலிலிருந்தே தெரியும்.

கிரீஸ் அடிக்க அந்த வண்டி அடுத்த வாரம் வருகிறது. புது டிரைவர் ஊருக்குப் போயிருக்கிறாராம், ஓனரே கொண்டு வருகிறேன் என்றார்.