புது ஐட்டம் வேண்டுமா? பழைய காகிதத்தைப் புரட்டுங்கள்

மேஜிக் பழகுகிற பையன்கள் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, புதுசா என்ன ஐட்டம் வந்திருக்கு?" போனில் ஒரு விளம்பரம் வரும், சில நொடிகளில் சீட்டு நிறம் மாறும், உடனே பணம் கட்டி வீடியோவை இறக்கிவிடுவார்கள், அப்புறம்தான் அது கேமராவுக்கு நேர் எதிரே, ஒரே ஒரு கோணத்தில் மட்டும் எடுபடும் சமாச்சாரம் என்பது தெரியும். கல்யாண ரிசப்ஷனில் மூன்று பக்கமும் ஆட்கள் நிற்க, முதுகுக்குப் பின்னால் ஒரு வாண்டு எட்டிப் பார்க்கிற இடத்தில் அதை வெளியே எடுக்கவே முடியாது.

அதனால் தேடுவதற்கு முன்னால் எங்கே செய்யப் போகிறோம் என்று யோசியுங்கள். பள்ளி ஆண்டு விழா மேடையா, சாப்பாட்டு மேஜையா, தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுமா? அடுத்து, பார்த்தவர் வீட்டுக்குப் போய் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "என் கையை இறுக்கி மூடியிருந்தேன், காசு உள்ளே வந்துடுச்சு", இவ்வளவு போதும். இந்த ஒரு வரிக்கு எத்தனையோ வழிகள் ஏற்கெனவே அச்சில் கிடக்கின்றன, யாரும் புரட்டுவதில்லை, அவ்வளவுதான்.

1584-ல் ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர், சூனியக்காரிகள் என்று சொல்லி அப்பாவிகளைக் கொல்வதை எதிர்த்து ஒரு புத்தகம் எழுதினார். இதெல்லாம் வெறும் கைவேலை என்று காட்டுவதற்காக அதில் பந்து, காசு, சீட்டு வித்தைகளை விளக்கியிருக்கிறார். அதிலுள்ள பலவற்றை இன்றும் செய்கிறோம். சீட்டு வித்தைக்கு எர்ட்னேஸ் எழுதிய 'தி எக்ஸ்பர்ட் அட் தி கார்டு டேபிள்', 1902. எர்ட்னேஸ் என்பது புனைபெயர், ஆள் யார் என்று இன்னமும் சண்டை ஓய்ந்தபாடில்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அந்தப் புத்தகம் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது, ஆனால் கையில் சீட்டுக்கட்டு இல்லாமல் படித்தால் ஒரு பக்கம்கூட நகராது. காசு வித்தைக்கு பாபோவின் 1952 புத்தகம் 'மாடர்ன் காயின் மேஜிக்'. காசைக் கைக்குள் மறைக்க அதில் சொல்லியிருக்கும் பிடிகளை அமெரிக்க அரை டாலரை வைத்துப் பழகுகிறவர்கள்தான் அதிகம், அந்தக் காசு 30 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நம் பத்து ரூபாய் காசு 27 மில்லிமீட்டர். இந்த மூன்று மில்லிமீட்டர் உள்ளங்கையில் பெரிய வித்தியாசம், சில பிடிகள் நம் காசுக்கு ஒத்தே வராது.

எந்த வித்தை எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில், அதற்கு முன்னோடி யார் என்று தேட டெனிஸ் பேர் என்ற வித்தைக்காரர் நடத்தும் 'கான்ஜரிங் ஆர்க்கைவ்' என்ற இணையதளம் இருக்கிறது. ரகசியத்தைச் சொல்லாது, வழியை மட்டும் காட்டும். நியூயார்க்கின் கான்ஜரிங் ஆர்ட்ஸ் ஆய்வு மையம் நடத்தும் 'ஆஸ்க் அலெக்சாண்டர்' தளம் பழைய மேஜிக் இதழ்களுக்குள்ளேயே சொல்லைப் போட்டுத் தேட விடும். அதற்குக் கட்டணம் உண்டு.

யாரும் எட்டிப் பார்க்காத இன்னொரு இடம் காப்புரிமை (பேட்டன்ட்) ஆவணங்கள். பெண்ணை இரண்டாக அறுக்கும் வித்தைக்கு ஹொரேஸ் கோல்டின் என்ற வித்தைக்காரர் 1923-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். வாங்க வேண்டுமானால் படம் போட்டு எல்லாவற்றையும் விளக்கியாக வேண்டும், அந்த ஆவணம் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்! 1933-ல் ஒரு சிகரெட் கம்பெனி தன் விளம்பரத்தில் அந்த வித்தையைப் போட்டு உடைத்தது. கோல்டின் வழக்குப் போட்டார், 1938-ல் தோற்றார். ரகசியத்தைத்தான் நீங்களே பதிவு செய்துவிட்டீர்களே என்பதுதான் நீதிமன்றத்தின் நிலை. அவருக்குப் போன நஷ்டம் நமக்கு லாபம். கூகுள் பேட்டன்ட்ஸில் தேடினால், மேடையில் ஆளைப் பறக்கவிடும் கருவிக்கு 1994-ல் தந்த காப்புரிமைகூட வரைபடங்களோடு கிடைக்கும். (பார்த்துவிட்டு மொட்டை மாடியில் கட்டக் கிளம்பிவிடாதீர்கள்.)

நம் ஊர்ச் சந்தைகளில் செப்படி வித்தை காட்டுகிறவர்களை இன்னமும் பார்க்க முடிகிறது. எனக்கு அவர்கள் கையைவிட வாய்தான் பாடம். எந்த நொடியில் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார், அப்போது கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். தட்டில் காசு போடாமல் நழுவுவது மட்டும் கூடாது.

சரி, கிடைத்ததையெல்லாம் அப்படியே செய்துவிடலாமா? அமெரிக்க வித்தைக்காரர் டெல்லரின் 'ஷேடோஸ்' என்ற ஐட்டத்தில், திரையில் விழும் ரோஜாவின் நிழலைக் கத்தியால் வெட்ட, நிஜ ரோஜாவின் இதழ் உதிரும். அதை அவர் 1983-ல் ஊமை நாடகமாகப் பதிப்புரிமைப் பதிவு செய்துவைத்திருந்தார், நகல் எடுத்து விற்கக் கிளம்பியவர் மேல் வழக்குப் போட்டு 2014-ல் ஜெயித்தார். வித்தையின் சூட்சுமம் ஒரு விஷயம், அதைச் சொல்கிற நாடகம் வேறு விஷயம். பழைய புத்தகத்திலிருந்து சூட்சுமத்தை எடுங்கள். பேச்சும் கதையும் உங்களுடையதாக இருக்கட்டும். உயிரோடு இருக்கிறவருடைய ஐட்டம் என்றால் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். சிலர் தாராளமாகச் செய் என்பார்கள், சிலரிடமிருந்து பதிலே வராது, அப்போது வேறு ஒன்றைத் தேட வேண்டியதுதான்.