பஸ்ஸில் நடந்ததற்கு எஃப்.ஐ.ஆர். வாங்குவதற்குள்

எஃப்.ஐ.ஆர். நகல் நேற்றுதான் கைக்கு வந்தது. ஆத்திரம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. பஸ்ஸில் தன்மேல் கை வைத்தவனைப் பற்றிப் புகார் கொடுக்க ஸ்டேஷன் படி ஏறப்போகிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மாலை நேரக் கூட்டம். பின்னால் நின்றவன் இடுப்பில் கை வைத்து அழுத்தினான். நகர்ந்து நின்றேன், மறுபடியும் அதே கை. நான் கத்தியதும் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார், நான் போனில் முகத்தைப் படம் எடுத்தேன். "வண்டியை ஸ்டேஷனுக்கு விடுங்க" என்று கண்டக்டரிடம் சொன்னோம். "இத்தனை பேர் வீட்டுக்குப் போகணும்மா" என்று விசில் கொடுத்து, அடுத்த ஸ்டாப்பில் அவனை இறக்கிவிட்டார். பிடிபட்டவனைக் கையை விட்டுப் போகவிட்டது அங்கேதான். பாதிக்கப்பட்டவர் கேட்டால் பஸ்ஸைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், தவறினால் பெர்மிட்டே ரத்தாகலாம் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. அதுவும் நம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் நடந்த ஒரு சம்பவத்தில் கிளம்பிய வழக்கில். கண்டக்டரிடம் இதை உரக்கச் சொல்லுங்கள், நாலு பேர் காதில் விழட்டும்.

இறங்கிய இடத்து ஸ்டேஷனில், "அது எங்க லிமிட் இல்ல" என்றார்கள். அவர்கள் கைகாட்டிய ஸ்டேஷனில், "ஏறின இடம் அவங்க லிமிட்தானே?" என்றார்கள். ஓடும் பஸ்ஸில் நடந்ததற்கு எந்த லிமிட்டைக் கண்டேன் நான்? எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்கித்தான் ஆக வேண்டும். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., 173-வது பிரிவில் அதைத்தான் சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். அடுத்து, "ஆள் பேரே தெரியாம யார் மேல போடறது?" என்றார் ரைட்டர். அடையாளம் தெரியாத நபர் என்று போடலாம், அது தினமும் நடப்பதுதான்.

கடைசியில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து, "போட்டாச்சும்மா, கூப்பிடுவோம்" என்றார்கள். ஏமாந்துவிடாதீர்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே, அதை வைத்து வழக்கு நகராது. நான் எழுந்திருக்கவில்லை. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம் பி.என்.எஸ். அதன் 74-வது பிரிவில் (பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்யும் நோக்கத்தோடு கை வைப்பது) வரும் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கு, அதே சட்டத்தின் 199-வது பிரிவில் குறைந்தது 6 மாதம் சிறை என்று இருக்கிறது. அதைப் போனில் எடுத்து மேசைமேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பெண் எஸ்.ஐ. ஒருவர் வந்தார். இந்த மாதிரிப் புகாரைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும், அதையும் கேட்டு வாங்குங்கள்.

எழுதியதைப் படித்துப் பார்த்தால், "கூட்ட நெரிசலில் இடித்தார்" என்று இருந்தது! அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் வழக்கு அங்கேயே செத்திருக்கும். எந்தக் கையால், எங்கே, எத்தனை முறை, நான் நகர்ந்த பிறகும் தொடர்ந்தான் என்பதையெல்லாம் சேர்த்து எழுத வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். நகலுக்குக் காசு கிடையாது, அங்கேயே கேளுங்கள். மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள்.

டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், கட்டணமில்லா டிக்கெட்டாக இருந்தாலும். வண்டி எதுவென்று கண்டுபிடிக்க எனக்கு அதுதான் கைகொடுத்தது. பஸ் கேமரா பதிவை டிப்போவில் நம்மிடம் தரமாட்டார்கள், போலீஸ்தான் கேட்க வேண்டும். பழைய பதிவு தானாக அழிந்துகொண்டே இருக்கும் என்பதால் அதற்கும் தனியாக ஒரு மனு எழுதிக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கிவைத்தேன். பதிவு கிடைத்துவிட்டதாம். என் போட்டோவோடு ஒத்துப்பார்க்க நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சட்டையைப் பிடித்த அந்த அக்காவும் சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறார்.