14 ஆட்டங்களை வைத்துக்கொண்டு ஒருவரை எடைபோடுவது

ஐபிஎல் அணி ஒன்றில் வீடியோ அனலிஸ்டாக வேலை பார்த்தேன் என்று சொன்னால் வரிசையாக இரண்டு கேள்விகள் வரும். தோனியிடம் பேசியிருக்கிறீர்களா என்பது ஒன்று. டேட்டாவை வைத்து யார் ஜெயிப்பார்கள் என்று முன்னாடியே சொல்லிவிடலாமாமே என்பது இன்னொன்று. எந்த அணி என்பதை நான் சொல்லக்கூடாது, அதனால் முதல் கேள்வி அப்படியே இருக்கட்டும். இரண்டாவதற்குப் பதில், முடியாது. முடியாது என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டே, முடியும் என்பது போன்ற முகத்தோடு இரண்டு மாதம் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலையின் கஷ்டமான பகுதி.

மற்றதெல்லாம் உடலுழைப்பு மாதிரிதான். ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, மட்டையாளர் என்ன ஷாட் ஆடினார், பந்து எந்தப் பக்கம் போனது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும், ஆட்டம் முடிந்து விமானத்திலோ ஹோட்டலிலோ உட்கார்ந்து அதையெல்லாம் சின்னச் சின்னக் கிளிப்களாக வெட்டி, மறுநாள் காலைக்குள் அவரவருக்கு அனுப்ப வேண்டும். மைதானத்துக்குள் போனதும் ஊழல் தடுப்பு அதிகாரிகள் வீரர்களின் போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் அதற்கு முன்பே எல்லாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2023-இல் இம்பாக்ட் பிளேயர் விதி (ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை மாற்றிக்கொள்ளலாம் என்பது) வந்த பிறகு கேப்டன் டாஸுக்கு இரண்டு பட்டியல்களோடு போகிறார், முதலில் பேட் செய்தால் ஒன்று, பந்து வீசினால் இன்னொன்று. எங்கள் வேலையும் அதற்கேற்ப இரட்டிப்பாயிற்று, சம்பளம் ஆகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அணிக்கு லீக் சுற்றில் 14 ஆட்டங்கள். பிளே ஆஃப் போய் இறுதிவரை ஆடினாலும் 16 அல்லது 17. அந்தத் தொடரிலேயே அதிக ரன் அடிக்கும் தொடக்க ஆட்டக்காரர்கூட அதில் ஐந்நூறு பந்து சந்தித்தால் பெரிது. ஆறாவதாக இறங்குபவருக்கு நூறு கிடைப்பதே பாடு. இதை வைத்துக்கொண்டு இவர் ஃபார்மில் இல்லை, இவருக்கு ஷார்ட் பால் வராது, இவரை இடக்கைச் சுழலுக்கு எதிராக இறக்காதே என்றெல்லாம் நாங்கள் எழுதுகிறோம். மேட்ச்-அப், அதாவது எந்த மட்டையாளருக்கு எதிராக எந்தப் பந்துவீச்சாளர் என்று தொலைக்காட்சியில் பெரிதாகப் பேசுகிறார்களே, அதில் பல எண்களுக்குப் பின்னால் இருப்பது பத்துப் பதினைந்து பந்துகள்தான். 'அவன் நம்ம ஆளை மூணு தடவை எடுத்திருக்கான்' என்று பயிற்சியாளர் சொல்வார். எடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று லாங் ஆனில் பிடிபட்டது, கடைசி ஓவரில் யார் போட்டிருந்தாலும் அடித்திருப்பார். இன்னொன்று லெக் சைடில் போன பந்தில் மெல்லிசாகப் பட்டது. மூன்றாவது மட்டும்தான் உண்மையிலேயே ஏமாந்தது. ஆனால் டீம் மீட்டிங்கில் 'மூணு தடவை' என்ற சொல் விழுந்துவிட்டால் அதை அப்புறம் யாராலும் தூக்க முடியாது.

நான் மனசுக்குள் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்ளும் உதாரணம் தொடக்க ஆட்டக்காரர் ருதுராஜ் கெய்க்வாட். 2020, ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த சீசன். சென்னைக்காக அவருடைய முதல் மூன்று ஸ்கோர்கள் 0, 5, 0. நடுவில் வெளியே உட்கார்ந்தார். இளைஞர்களிடம் அந்தப் பொறியைப் பார்க்கவில்லை என்கிற மாதிரி தோனி பேசி, ஊரே அதைப் பிடித்துக்கொண்டதும் அந்த நேரத்தில்தான். அந்த இரண்டாவது 0 வந்த ஆட்டத்தில் மும்பையிடம் சென்னை பத்து விக்கெட்டில் தோற்றது, பிளே ஆஃப் கனவு ஏறக்குறைய முடிந்தே விட்டது. இனி இழக்க என்ன இருக்கிறது என்று தொடர்ந்து ஆடவிட்டார்கள் (இது என் ஊகம்). அடுத்த மூன்று ஆட்டங்களில் 65 நாட் அவுட், 72, 62 நாட் அவுட். கதை அங்கே முடிந்திருந்தால் சாதாரணம். அடுத்த ஆண்டு மறுபடியும் 5, 5, 10 என்றுதான் தொடங்கினார். இந்த முறை யாரும் அவரை அணியிலிருந்து நீக்கவில்லை. அந்த சீசனை 635 ரன்களோடு, அதிக ரன் அடித்தவருக்கான ஆரஞ்சு தொப்பியோடு முடித்தார், முந்தைய ஆண்டு ஏழாவது இடத்தில் இருந்த அணி கோப்பையை வென்றது.

2020-இல் சென்னை தகுதிபெறும் வாய்ப்போடு கடைசி வாரம்வரை போயிருந்தால்? அந்த மூன்று அரைசதங்கள் அடிக்கும் இடத்தில் அவர் இருந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். அணி மோசமாகத் தோற்றதால் ஒருவருக்குக் கிடைத்த அவகாசம் அது.

சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியையும் பாருங்கள். 2019-க்கான ஏலத்தில் பஞ்சாப் அவரை 8.4 கோடிக்கு எடுத்தது, அடிப்படை விலை 20 லட்சம். ஈடன் கார்டன்ஸில் முதல் ஆட்டம், முதல் ஓவரில் 25 ரன். அப்புறம் காயம், அந்த சீசனில் வேறு ஆட்டமே இல்லை, ஆண்டு முடிவில் விடுவித்தார்கள். கொல்கத்தா 4 கோடிக்கு வாங்கியது, 2020-இல் 17 விக்கெட். பஞ்சாபின் அறையில் அன்று உட்கார்ந்திருந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் ஒரே ஒரு ஆட்டமும் ஒரு மருத்துவ அறிக்கையும் இருந்தால் நானும் அதையேதான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் பொறுமையாக இருந்தாலே போதும் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அதுவும் இல்லை. 2025-இல் சென்னை என்ன ஆனது? சேப்பாக்கத்தில் தொடர்ந்து ஐந்து தோல்விகள், அதில் கொல்கத்தாவுக்கு எதிராக 9 விக்கெட்டுக்கு 103. மேல்வரிசை பவர்பிளேயில் (முதல் ஆறு ஓவர்) நகரவே இல்லை. காயமடைந்த ருதுராஜுக்குப் பதிலாக 17 வயது ஆயுஷ் மாத்ரே வந்து வான்கடேயில் 15 பந்தில் 32 அடித்தபோது, தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ் வந்து நடு வரிசையில் அடித்தபோது, இவர்களை இன்னும் இரண்டு வாரம் முன்பே கொண்டுவந்திருக்கலாமே என்று தோன்றாதவர் யார். அணி முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. ஆனால் அந்த இரண்டு வாரத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் அது 2021-இன் 5, 5, 10 மாதிரியேதான் தெரிந்திருக்கும். 2024-இல் பெங்களூரு முதல் எட்டு ஆட்டங்களில் ஒன்றே ஒன்று ஜெயித்து, பிறகு மீதி ஆறையும் வரிசையாக ஜெயித்து பிளே ஆஃபுக்குள் போனது. அந்த ஆண்டு நான்கு அணிகள் 14 புள்ளியில் நின்றன, புள்ளி சமமானால் பார்க்கும் நிகர ரன்ரேட்டில் சென்னை வெளியே. ஒரு நோ பால், ஒரு மிஸ் ஃபீல்ட் இந்தப் பக்கம் நடந்திருந்தால் எட்டில் ஏழு தோற்ற அணியின் 'மன உறுதி' பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

வேலையில் எனக்கு நிஜமாகவே சங்கடமாக இருந்தது எண்கள் இல்லை, பெஞ்ச். அணியில் 25 பேர் வரை இருப்பார்கள். ஆடும் 11, மாற்றாக எழுதிக் கொடுக்கும் சிலர், மீதிப் பேர் சீசன் முழுக்க வலையில் பந்து வீசி, தண்ணீர் பாட்டில் தூக்கி, வார்ம் அப்பில் கால்பந்து ஆடி ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கும் நான் கிளிப் அனுப்புவேன், எதிரணியின் பந்துவீச்சாளர்களைப் பற்றி முழுசாக. அதைப் பெஞ்சில் இருப்பவர்கள்தான் கடைசிவரை பார்ப்பார்கள். நிரந்தரமாக ஆடுபவர் முதல் இரண்டைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவார், அதுவும் தவறில்லை, ரொம்பப் பார்த்தால் கால் நகராது.

உள்ளூர் கிரிக்கெட்டில் நன்றாக ஆடி, அடிப்படை விலைக்கு வந்த பையன் ஒருவன். பெயர் வேண்டாம். ராத்திரி என் அறைக்கு வந்து லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். 'அண்ணா, நாளைக்கு நான் இருக்கேனா?' எனக்குச் சில நாள் தெரிந்திருக்கும், சொல்லும் உரிமை கிடையாது. 'தூங்குடா, காலைல பார்ப்போம்' என்பேன். அவனுக்கு அதிலேயே புரிந்துவிடும், இருந்தாலும் கிளிப்பை மறுபடி ஓட்டச் சொல்வான். கடைசியில் தகுதிபெறும் வாய்ப்பு போன பிறகு இரண்டு ஆட்டம் கிடைத்தது, இரண்டிலும் கடைசி ஓவர்களில் இறங்கி, மொத்தம் விரல் விட்டு எண்ணும் பந்துகள்.

சீசன் முடிந்ததும் ஒவ்வொருவரைப் பற்றியும் அறிக்கை தர வேண்டும். தக்கவைப்பா, விடுவிப்பா என்று ஒரு கட்டம் இருக்கும். அவனுடைய கட்டத்தில் 'முடிவு சொல்லும் அளவுக்குப் பந்துகள் இல்லை' என்று எழுதினேன். அது பதில் இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். நியாயம்தான், ஏலத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு இடமும் கொஞ்சம் பணமும் காலியாக வேண்டும். விடுவித்தார்கள்.

அடுத்த ஏலத்தில் வேறொரு அணி அவனை எடுத்தது. அவர்களோடு ஆடும் வாரம் வழக்கம்போல எதிரணியின் ஒவ்வொரு மட்டையாளருக்கும் கோப்பு தயாரித்தேன். அவனுக்கு ஐபிஎல்லில் வெட்டி எடுக்கப் போதுமான காட்சி இல்லாததால், எங்கள் வலைப்பயிற்சியில் நாங்களே எடுத்த வீடியோவைத் தேடிப் பிடித்துப் போட வேண்டியதாயிற்று, பந்து வீசுவது எங்கள் ஆட்கள், ஓரத்தில் அவனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டு நிற்பது எங்கள் பேட்டிங் பயிற்சியாளர். அதைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார். அன்றைக்கும் அவன் பெஞ்சில்தான் இருந்தான், கோப்பு தேவைப்படவில்லை.