சீல் பிரியவில்லை, அடுக்குதான் பிரிந்தது

பவுச்சின் சீல் விட்டுப்போகிறது என்று ஒரே வாரத்தில் மூன்று புகார். ஃபிலிம் சோதிக்கும் வேலைக்கு நான் அப்போதுதான் வந்திருந்தேன். வெளிப்பக்கம் 12 மைக்ரான் பாலியஸ்டர், உள்பக்கம் 50 மைக்ரான் பாலிஎத்திலீன், நடுவில் பசை. இதுதான் அந்த லேமினேட்.

தடிமன் குறைந்திருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ரோலின் அகலம் முழுக்கப் பத்து இடங்களில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். தடிமன் சரியாகவே இருந்தது.

அடுத்து சீல் வெப்பம். உள்பக்கப் பாலிஎத்திலீன் 110 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். பாலியஸ்டர் உருக 250-ஐத் தாண்ட வேண்டும். இவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் வெளிப்பக்கம் கெடாமல் உள்பக்கத்தை மட்டும் உருக்கி ஒட்ட முடிகிறது. அழுத்தத்தையும் நேரத்தையும் மாற்றாமல், வெப்பத்தை மட்டும் பத்துப் பத்து டிகிரியாக ஏற்றிச் சீல் போட்டோம்.

சீலுக்குக் குறுக்கே 15 மி.மீ. அகலத்தில் பட்டைகள் வெட்டி, இழுவை இயந்திரத்தில் மாட்டி இழுக்க வேண்டும். முதல் நாள் எண்கள் தாறுமாறாக வந்தன. கத்தரியால் வெட்டியதுதான் காரணம். விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தாலும் கிழிசல் அங்கிருந்தே தொடங்கிவிடும். புது பிளேடும் இரும்பு ஸ்கேலும் வைத்து வெட்டியபிறகு எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவந்தன.

ஆனால் வெப்பத்தை எவ்வளவு ஏற்றினாலும் பட்டை அறுவதற்கான விசை 14 நியூட்டன் பக்கத்திலேயே நின்றது. சரி, எண்ணை விட்டுவிட்டு அறுந்த பட்டையைப் பார்ப்போம் என்று ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சீல் கோடு முழுசாக இருந்தது! அதற்குச் சற்றுத் தள்ளி, பாலிஎத்திலீன் மட்டும் வெளுத்து, இழுபட்டு நீண்டு அறுந்திருந்தது. பாலியஸ்டர் தனியே கழன்று நின்றது. அதன் உள்பக்கத்தை விரலால் தொட்டால் பிசுபிசுத்தது.

பிசுபிசுப்பு என்றால் பசை இன்னும் இறுகவில்லை. இரண்டு பாகம் கலந்து போடும் பாலியூரித்தேன் பசை லேமினேட் ஆனதும் இறுகிவிடாது. கியூரிங் முடியச் சில நாட்கள் வேண்டும். அதற்குமுன் இழுத்தால் இரண்டு அடுக்கும் சேர்ந்து சுமையைத் தாங்காது. மென்மையான உள் அடுக்கே தனியாகத் தாங்கி அறுந்துவிடும். ரோல் சீட்டில் தேதியைப் பார்த்தேன். லேமினேட் ஆகி ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

அதே ரோலின் மிச்சத்தை 40 டிகிரி அறையில் நான்கு நாள் வைத்தோம். அப்புறம் அதே இயந்திரம், அதே வெப்பம்: 38 நியூட்டன்.

உணவுப் பொதி என்றால் இதில் இன்னொரு கவலையும் உண்டு. கியூரிங் முடியாத பசையில் மிச்சமிருக்கும் அரோமாட்டிக் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நீரோடு சேர்ந்து, உடலுக்குக் கேடான அமீன்களாக மாறி உணவுக்குள் இறங்கலாம். வலுவுக்காக மட்டுமில்லை, இதற்காகவும் காத்திருந்தே ஆக வேண்டும்.

இப்போது என் பதிவேட்டில் நியூட்டன் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன்: பட்டை எங்கே, எப்படி அறுந்தது? சீல் பிரிந்ததா, அடுக்கு கழன்றதா, ஃபிலிமே கிழிந்ததா? அறுந்த பட்டையையும் பக்கத்திலேயே ஒட்டி வைக்கிறேன்.