சாய்ந்த எஃப், நேர் அடைப்பு: இசைச்சொல் கையேட்டின் இரண்டாவது புரூஃப்

பதினாறு பக்க ஏ6 கையேடு. மேற்கத்திய இசைத்தாள்களில் வரும் இத்தாலியச் சொற்கள் இடாலிக்கில் (சாய்வெழுத்தில்), விளக்கம் தமிழில். சொற்கள் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. காலை வாரியது ஒரே ஒரு எழுத்து. ஃபோர்ட்டே (உரக்க) என்று போட்டு, அதன் சுருக்கமான எஃப்பை அடைப்புக்குள் வைத்தால், எஃப்பின் தலை மூடும் அடைப்பில் முட்டுகிறது, வால் திறக்கும் அடைப்பின் அடியை மிதிக்கிறது. முதல் புரூஃபில் (சோதனை அச்சில்) எழுத்தாகவே தெரியவில்லை, கம்பியில் மாட்டிய கொக்கி போல இருந்தது.

ஃபான்ட் ஈபி கேரமண்ட் இடாலிக், 11 பாயின்ட். கியோர்க் டஃப்னர் 1592-ஆம் ஆண்டின் எகனோல்ஃப்-பெர்னர் எழுத்து வார்ப்பகத்தின் மாதிரித்தாளைப் பார்த்து வரைந்தது. அந்தத் தாளில் நேரெழுத்து பதினாறாம் நூற்றாண்டு அச்செழுத்துக் கலைஞர் கேரமண்ட் வெட்டியது, சாய்வெழுத்து ராபர்ட் கிராஞ்ஜோன் வெட்டியது. நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்த வேலை இல்லை. எஃப் கோட்டுக்குக் கீழே வால் விட்டு இறங்கும், சின்ன ஏ மேல்வளைவை இழந்து கையெழுத்து ஏ ஆகிவிடும். அழகும் அங்கேதான், தொல்லையும் அங்கேதான்.

முதலில் பார்த்தது கார்மரன்ட் இடாலிக். கிறிஸ்டியன் தால்மனின் அந்த எழுத்து பெரிய அளவுக்கென்றே வரைந்தது. 9 பாயின்டில் போட்டால் தவறு போட்டவருடையது. கணக்கு எளிது. மெல்லிய கோடு எம்மில் (எழுத்தின் பாயின்ட் அளவில்) ஐம்பதில் ஒரு பங்கு என்று வையுங்கள். 9 பாயின்டில் அது 0.06 மி.மீ. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) லேசரில் ஒரு புள்ளி 0.042 மி.மீ. ஒன்றரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. ஒரு கோடு ஒரு புள்ளியாகவும் அடுத்தது இரண்டாகவும் விழுந்து, வரி திட்டுத்திட்டாகத் தெரியும். கார்மரன்ட் அட்டைக்குப் போனது.

இப்போது எஃப். ஈயக் காலத்தில் எழுத்தின் முகம் உடம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குத்தான் கெர்ன் என்று பெயர். பக்கத்து எழுத்தில் மோதினால் உடைந்துபோகும். எஃப்-எஃப், எஃப்-ஐ லிகேச்சர்கள் (இரண்டு எழுத்தை ஒட்டி வார்த்த ஒற்றை அச்சு) தேவைப்பட்டதற்கு அது முக்கியக் காரணம். இன்று உடையாது, உரசும். கெர்னிங் ஜோடிகள், அதாவது எந்த இரண்டு எழுத்துக்கு நடுவே எவ்வளவு இடம் என்று சொல்லும் எண்கள், ஒரே ஃபான்டுக்குள் மட்டுமே இருக்கும். சாய்ந்த எஃப் ஒரு ஃபான்ட், நேர் அடைப்பு இன்னொன்று, ஆகவே பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், ஃபான்டின் எண்களை எடுத்துக்கொள்ளும் மெட்ரிக்ஸ் கெர்னிங்குக்கு அங்கே எடுத்துப்போட எண்ணே இல்லை. எழுத்தின் வடிவத்தைப் பார்த்து இடத்தைக் கணிக்கும் ஆப்டிகலுக்கு மாற்றினால் இந்த இடம் ஓரளவு சரியாகும், ஆனால் சொல்லுக்குள் கிராஞ்ஜோனின் ஓட்டம் செத்துவிடும். அடைப்பையும் சாய்த்துவிட்டால் பாதிச் சண்டை தீரும்தான். வேண்டாம்: அடைப்பு வாக்கியத்தின் சொத்து, இத்தாலியச் சொல்லுடையது அல்ல.

கையால் தள்ளிப் பார்த்து நின்ற எண்கள்: எஃப்புக்கும் மூடும் அடைப்புக்கும் நடுவே எம்மில் ஆயிரத்தில் 80, திறக்கும் அடைப்புக்குப் பின் 50, பியானோவின் (மெல்ல) சுருக்கமான பி என்றால் 40. 11 பாயின்டில் 80 என்பது 0.3 மி.மீ. ஆல்ட்டை அழுத்தி வலது அம்புக்குறியை நான்கு தட்டு.

எழுபது இடத்தில் தட்ட யாருக்குப் பொறுமை? கேரக்டர் ஸ்டைலில் (சேமித்து வைத்த எழுத்து அமைப்பில்) கெர்னிங் முறையைத்தான் சொல்லலாம், எண் கொடுக்க முடியாது. டிராக்கிங்குக்கு (எழுத்துகளுக்கிடையே பொதுவாகச் சேர்க்கும் இடத்துக்கு) எண் கொடுக்கலாம். டிராக்கிங் எழுத்தின் வலப்பக்கம் இடம் சேர்ப்பதால் இங்கே அதுவே போதும். எழுத்து வரிசை முறையை வைத்துத் தேடும் கிரெப் தேடலில் 'பின்னால் மூடும் அடைப்பு வரும் எஃப்' என்று லுக்-அஹெட் போட்டு, தேடும் ஃபார்மேட்டில் இடாலிக்கைக் குறித்து, 80 டிராக்கிங் ஸ்டைலை ஏற்றினால் ஒரே சொடுக்கில் முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தால் ஃபோர்ட்டிஸிமோ (மிக உரக்க, சுருக்கம் இரட்டை எஃப்) வந்து நின்றது. இரட்டை எஃப்பில் இரண்டாவதுக்கு மட்டும் ஸ்டைல் ஏறியதும் லிகேச்சர் பிரிந்துவிட்டது. மூன்று எஃப் வரும் இடத்தில் இரண்டு ஒட்டியும் ஒன்று தனித்தும். இதற்கு ஒட்டுப்போடக் கூடாது. ஒலியளவுக் குறிகளுக்கெல்லாம் தனி ஸ்டைல், அதில் லிகேச்சர் அணைப்பு, எல்லா எஃப்பும் தனித்தனி. இசைத்தாளில் பழகிய கண்ணுக்கு அதுதான் இயல்பாகவும் படுகிறது. அஃபெத்துவோஸோ போன்ற முழுச்சொற்களில் லிகேச்சர் அப்படியே இருக்கட்டும்.

டிஸ்க்ரீஷனரி (விரும்பினால் போடும் அலங்கார) லிகேச்சரையும் ஒரு முறை போட்டுப் பார்த்தாயிற்று. ஸ்டக்காட்டோ, பிரெஸ்டோ, மயெஸ்டோஸோ என்று எஸ்-டி வரும் இடமெல்லாம் தலைக்கு மேல் வளையம், பக்கம் முழுக்கக் குடை விரித்த மாதிரி. அணைத்தாயிற்று.

தமிழ் விளக்கம் நோட்டோ செரிஃப், 9 பாயின்ட், வரியிடை 14. கேரமண்டின் சின்ன எழுத்துகள் குள்ளம். இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் தமிழ் கத்தும், இத்தாலியன் முனகும். தமிழைச் சாய்க்கவே வேண்டாம். வேர்டு சாய்த்துத் தரும் ணகரத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

தாள் பற்றி ஒன்று. ஏ4 பெரும்பாலும் நீளவாக்கில் இழை (தாளின் நார்கள் ஓடும் திசை) உள்ளது. அதைக் குறுக்கே வெட்டி ஏ5 ஆக்கி மடித்தால் ஏ6-இன் முதுகுக்கு இழை இணையாக விழும், மடிப்பு வெடிக்காது. ஏ5 கையேடு செய்தால் இதே தாள் எதிரி. சென்னைப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மேப்லித்தோ தாள் வாங்கும்போது இழை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு வெட்டச் சொல்லுங்கள். ஒரு கடையில் மாற்றி வெட்டிக் கொடுத்த இரண்டு கட்டு இப்போது புரூஃப் தாளாகப் பயன்படுகிறது.

உள்பக்கம் இன்னும் மூன்று திருத்தம் பாக்கி. அதற்குள் அட்டை இழுக்கிறது. வெனிஸில் ஆல்டஸ் என்ற அச்சாளர் 1501-இல் அச்சிட்ட விர்ஜிலில் சின்ன எழுத்துகள்தான் சாய்வு. பெரிய எழுத்துகள் நேர், உயரமும் குறைவு. வெட்டியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அதே போல கார்மரன்ட் இடாலிக் ரெகுலர் 48 பாயின்டில், முதலெழுத்து மட்டும் நேர், 44-இல். சுருக்கினால் கோடு மெலியும், அதனால் மீடியம் எடை. தலைப்பில் நேர் எஃப்பும் சாய்ந்த ஓவும் அடுத்தடுத்து. மறுபடியும் இரண்டு ஃபான்ட், மறுபடியும் கெர்னிங் எண் இல்லை. இந்த முறை இடம் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டும். மைனஸ் 30-இல் நிற்கிறது, புரூஃப் இன்னும் எடுக்கவில்லை.