14 லட்சத்துக்குக் கையெழுத்து போட்டுட்டு வந்த அண்ணாச்சி

நான் வக்கீலா என்ரோல் பண்ணது 2013ல. கிரிமினல் சைடு போகணும்னுதான் ஆசை, ஆனா சேர்ந்த சீனியர் ஆபீஸ்ல வந்ததெல்லாம் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் பாக்கித் தகராறு, கிரீன் டிரிபியூனல் (சுற்றுச்சூழல் கேஸ் பாக்குற தீர்ப்பாயம்), இன்சூரன்ஸ் இப்படித்தான். அதுலயும் இன்சூரன்ஸ் கட்டுன்னா ஒவ்வொண்ணும் தலகாணி சைஸ்ல இருக்கும், யாரும் தொட மாட்டாங்க, கடைசியா சேர்ந்தவன் தலையிலதான் வந்து விழும். பல வருஷமா இதையேதான் பண்றேன். நான் தொழில் கத்துக்கிட்டது எதுலன்னு கேட்டா ஒரே ஒரு கேஸ்தான் சொல்வேன்.

2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு பொங்குச்சு இல்லையா, செம்பரம்பாக்கத்துல 29,000 கன அடி திறந்துட்டாங்கன்னு ஊரே பேசிச்சு. ஈக்காட்டுத்தாங்கல்ல லேத் பட்டறை வச்சிருந்த ஒரு அண்ணாச்சி, தூத்துக்குடி பக்கம், அவர் கடைக்குள்ள ஆள் உயரத்துக்குத் தண்ணி. ஃபயர் பாலிசி இருந்துச்சு, வெள்ளமும் அதுலயே கவர் ஆகும். சரக்கு 30 லட்சம், மெஷின் 11 லட்சம், மொத்தம் 41 லட்சம் கேட்டாரு. வந்தது 14 லட்சம். பொங்கல் போய் மாசி பொறந்தும் ஆளுங்களுக்கு சம்பளம் பாக்கி, அதனால "முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்"னு அடிச்சு வச்சிருந்த வவுச்சர்ல கையெழுத்து போட்டு வாங்கிட்டாரு. எங்ககிட்ட வந்தது அதுக்கும் ஒன்றரை வருஷம் கழிச்சு, கன்ஸ்யூமர் கேஸ் போடவே 2 வருஷம்தான் டைம், வயித்துல புளியைக் கரைச்சுது.

நான் கட்டைப் பாத்துட்டு சீனியர்கிட்ட போய் "சார், கையெழுத்து போட்டாச்சு, முடிஞ்சுது"ன்னேன். அவர் நிமிர்ந்துகூட பாக்கல, "சர்வேயர் ரிப்போர்ட்ட படிச்சியா"ன்னாரு. நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பற ஆளு எழுதறது அது. நான் படிக்கல.

உக்காந்து படிச்சா சரக்குல மட்டும் மூணு இடத்துல கத்தி வச்சிருக்காங்க. மொதல்ல, கடையில கட்டிங் ஆயில் பேரல் இருந்து, தண்ணி ஏறினதும் எல்லாம் கவுந்து சரக்கு மேல எண்ணெய் படிஞ்சிருக்கு. எண்ணெய் பட்டு வீணான 9 லட்சம் சரக்கு "மாசு" கணக்குல வரும், பாலிசியில மாசுக்கு விலக்கு, கிடையாதுன்னு எழுதிட்டாரு. இந்த இடத்துலதான் டிரிபியூனலுக்குப் போய் உக்காந்தது எனக்குக் கை குடுத்துச்சு. அங்க (இப்போ சேப்பாக்கம் கலச மஹால்ல இருக்கு) எந்த கேஸ் வந்தாலும் மொத கேள்வி, மாசு எதுனால வந்துச்சுங்கறதுதான். அந்தப் பழக்கத்துல விலக்கு வரியை முழுசா படிச்சா, அடுத்த வரியிலேயே விலக்குக்கு ஒரு விலக்கு இருக்கு, பாலிசியில கவர் ஆகுற ஆபத்தாலயே மாசு வந்தா அது விலக்குல சேராது. வெள்ளம் கவர் ஆகுது, வெள்ளத்தாலதான் பேரல் கவுந்துச்சு. ரிப்போர்ட்ல அந்த ரெண்டாவது வரி மட்டும் இல்ல!

அடுத்தது ஆவரேஜ் கிளாஸ். ஓடி லிமிட்டுக்காக (சரக்கைக் காட்டி பேங்க்ல எடுத்துக்கற கடன் வரம்பு) அண்ணாச்சி மாசாமாசம் பேங்க்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் குடுப்பாரு, அதுல சரக்கு 71 லட்சம்னு இருக்கு, பாலிசி 45 லட்சத்துக்குத்தான். குறைச்சு இன்சூர் பண்ணிருக்கீங்க, அந்த விகிதத்துலதான் தருவோம்னு நூத்துக்கு 63 ஆக்கிட்டாங்க. இதை எப்படி உடைக்கிறதுன்னு எனக்கு ரெண்டு வாரம் தூக்கமே இல்ல. அண்ணாச்சியைக் கேட்டா தலையைச் சொறிஞ்சுக்கிட்டு "பேங்க்குக்கு எல்லாரும் அப்படித்தான தம்பி குடுப்பாக"ங்கறாரு. கடைசியில டெலிவரி சலான் மூட்டைய தரையில கொட்டி ஒவ்வொண்ணா பாத்தோம், ஜாப் ஒர்க்குக்கு கஸ்டமர் அனுப்பின மெட்டீரியல் 23 லட்சத்தையும் இவர் தன் சரக்குன்னு எழுதியிருக்காரு. சொந்த சரக்கு 48 லட்சம்தான், வாட் ரிட்டர்னும் பேலன்ஸ் ஷீட்டும் அதோட ஒத்துப்போச்சு. அப்போ நூத்துக்கு 94 வரணும்.

மூணாவது சால்வேஜ், அதாவது வீணான சரக்கை வித்தா வர்ற காசு. எண்ணெய்ச் சேறு படிஞ்ச சரக்குக்கு காயலான் கடை விலை போட்டு கழிச்சிருக்காங்க, ஆனா அந்தச் சேறு அபாயக் கழிவு, லைசென்ஸ் உள்ளவங்ககிட்ட காசு குடுத்துத்தான் ஒழிக்க முடியும், அந்த பில்லு இருந்துச்சு.

எங்க போடுறதுன்னு அடுத்த பேச்சு. சிவில் சூட்னா கோர்ட் ஃபீஸ் 3%, ஸ்டேட் கன்ஸ்யூமர் கமிஷன்ல அப்போ 2,000 ரூபாதான். 2018 ஜனவரியில கமிஷன்ல போட்டோம், ரெண்டு தடவை திருப்பி அனுப்பி, மூணாவது தடவதான் ஏத்துக்கிட்டு கேஸ் நம்பர் குடுத்தாங்க. எதிர்த்தரப்பு மொத வாதம், இவர் வியாபாரி, நுகர்வோரே இல்லன்னு. நஷ்டத்தை ஈடு கட்டத்தான் இன்சூரன்ஸ், லாபம் சம்பாதிக்க இல்லன்னு நேஷனல் கன்ஸ்யூமர் கமிஷன் 2004லயே சொல்லிடுச்சு (சுப்ரீம் கோர்ட் அதை 2023ல உறுதி பண்ணுச்சு). வவுச்சர்தான் உண்மையிலேயே பயமா இருந்துச்சு. வவுச்சர்ல கையெழுத்து வாங்கிட்டா பாலிசிதாரர் உரிமை போயிடாதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ 2015 செப்டம்பர் 24ல சர்க்குலர் போட்டிருக்கு, ஆனா மிரட்டி வாங்குனாங்கன்னு வாயால சொன்னா மட்டும் எடுபடாது, ஆதாரம் வேணும். அண்ணாச்சி பொண்ணு, அப்போ பி.காம் படிச்சிட்டிருந்தா, அப்பா கையெழுத்து போட்ட மறுநாளே "வேற வழியில்லாம வாங்கினோம், மீதி வேணும்"னு கிளைக்கு லெட்டர் எழுதி ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பிருக்கா. அந்த ஒப்புகை அட்டை ஒரு சாமி காலண்டர் பின்னாடி சொருகியிருந்துச்சு. நான் படிச்ச சட்டத்தை விட அந்த அட்டைதான் பெருசுன்னு இப்பவும் சொல்வேன்.

அப்புறம் வாய்தா வாய்தா வாய்தா, நடுவுல கொரோனா. சர்வேயர் ரிப்போர்ட் முக்கியம்தான் ஆனா அதுவே வேதவாக்கு இல்லன்னு 2009 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைக் காட்டி வாதாடினோம். 2022ல ஆர்டர். எண்ணெய் விஷயம், ஆவரேஜ் ரெண்டும் நம்ம பக்கம், சால்வேஜ் பாதி. மெஷின்ல தோத்தோம், பாலிசியில புது விலை தரும் கிளாஸ் எடுக்கல, தேய்மானம் கழிச்சது சரிதான்னுட்டாங்க, எனக்கும் மனசுக்குள்ள அது சரின்னுதான் பட்டுச்சு. ஏற்கெனவே வாங்கின 14 போக இன்னும் 18 லட்சம், 9% வட்டியோட. அப்பீல் போவாங்கன்னு பயந்தோம், போகல, அஞ்சு மாசத்துல பணம் வந்துடுச்சு.

அடுத்த ரினியூவலுக்கு அண்ணாச்சி பாலிசியைத் தூக்கிட்டு என்கிட்ட வந்தாரு. 2021லேர்ந்து சின்னத் தொழிலுக்கு வந்திருக்கற புது பாலிசியில 15% வரைக்கும் குறைவா இன்சூர் பண்ணியிருந்தா கழிக்க மாட்டாங்கன்னு சொல்லி அதையே எடுக்க வச்சேன். கூடவே அந்த மாச ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் கட்டுல இருந்துச்சு, எடுத்துப் பாத்தா கஸ்டமர் மெட்டீரியல் மறுபடியும் அவர் சரக்குலதான் நிக்குது. "அண்ணாச்சி, என்ன இது"ன்னேன். "லிமிட்ட குறைச்சிருவான் தம்பி"ன்னு சொல்லிட்டு அந்தப் பேப்பரை மட்டும் உருவி பைக்குள்ள வச்சுக்கிட்டாரு.