ஓவர்ஹீட் பிரச்சனை ஒருவழியா தீர்ந்தது, காரணம் யாரும் பாக்காத ஒரு சின்ன ட்யூப்

ஒருவழியா பிடிச்சாச்சு. இப்போ ஏசி போட்டு ஏத்தத்துல ஏறினாலும் என் காரோட கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கிற திரவம்) 93 டிகிரியைத் தாண்ட மாட்டேங்குது. காரணம் ரேடியேட்டர் இல்ல, வாட்டர் பம்ப் இல்ல, தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடற வால்வு) இல்ல, பாத்தவங்க எல்லாரும் அடிச்சு சொன்ன ஹெட் கேஸ்கெட்டும் (இன்ஜின் பிளாக்குக்கும் அதோட மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற சீல்) இல்ல. ரேடியேட்டர் மூடி உக்கார்ற கழுத்துல இருந்து ரிசர்வ் டப்பாவுக்குப் போகுமே ஒரு மெல்லிசான ட்யூப், அதுல ஒரு கீறல், அவ்வளவுதான். இதே மாதிரி மாட்டிக்கிட்டு இன்ஜினைப் பிரிக்கலாமான்னு யோசிச்சுட்டு இருக்கிறவங்களுக்கு உதவும்னுதான் இவ்ளோ விவரமா எழுதறேன்.

முதல்ல அறிகுறி. சமதரையில, டவுன் ஓட்டத்துல ஒண்ணுமே தெரியாது. நீளமான ஏத்தம் வந்தா மட்டும் டெம்பரேச்சர் விறுவிறுன்னு 106, 107 வரைக்கும் போகும், அப்புறம் சட்டுனு 85-க்கு விழும், மறுபடி ஏறும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது டாஷ்போர்டுக்குப் பின்னாடி களக் களக்னு தண்ணி உருள்ற சத்தம். ஹீட்டர் போட்டா சூடா வந்துட்டு இருந்தது திடீர்னு சூடில்லாத காத்தா மாறும். கீழ ஒரு சொட்டு கூட ஒழுகல.

இங்க ஒரு விஷயம் அழுத்தி சொல்லணும். இந்த நம்பர் எல்லாம் ஓபிடி அடாப்டர் (வண்டி கம்ப்யூட்டர்ல இருந்து ரீடிங் எடுக்கிற கருவி) மாட்டி லைவ் டேட்டால பாத்தது, மீட்டர் முள்ளுல இல்ல. இப்போ வர்ற நிறைய வண்டில அந்த முள்ளு நடுவுல நிக்கிற மாதிரியே செட் பண்ணி வச்சிருக்காங்க, 80-ல இருந்தாலும் நடு, 100-ஐத் தாண்டினாலும் நடு, அது மேல ஏற ஆரம்பிக்கும்போது ரொம்ப லேட் ஆயிருக்கும். என் வண்டில 107 காட்டும்போது முள்ளு அசையவே இல்ல. கூலிங் சிஸ்டத்துல கை வைக்கிற யாரா இருந்தாலும் முள்ளை நம்பாதீங்க. இன்னொண்ணு, சென்சார் நுனி கூலன்ட்ல முங்கி இருந்தாத்தான் அந்த ரீடிங்கும் சரி. சென்சாரைச் சுத்தி காத்து நின்னா உள்ள ஹெட் வெந்துட்டு இருக்கும்போது அது கம்மியா காட்டிட்டு இருக்கும், அலுமினிய ஹெட் வளைஞ்சு போறது இப்படித்தான். அதனால 85-க்கு விழுந்துச்சுன்னு நிம்மதி ஆகக்கூடாது, விழறதுதான் எனக்கு அதிகமா பயம் குடுத்தது.

ஃபேன் ரெண்டு ஸ்பீடுலயும் ஓடுது, ரிலே சரி. நின்ன இடத்துல ஹீட் ஆனா ஃபேனைப் பாக்கணும், ஓட்டத்துல ஹீட் ஆனா கூலன்ட் ஃப்ளோவைப் பாக்கணும், இது உங்களுக்கே தெரியும். ரேடியேட்டர் முகத்துல இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வச்சு கட்டம் கட்டமா பாத்தேன், எங்கயும் செத்த இடம் இல்ல, அடைப்பு கிடையாது. பம்ப் வீப் ஹோல் (உள் சீல் போனா கூலன்ட் கசியற ஓட்டை) காஞ்சிருக்கு.

ஹெட் கேஸ்கெட் சந்தேகம் வந்ததுக்குக் காரணம் ரிசர்வ் டப்பா. வண்டி சூடானதும் டப்பாக்குள்ள குமிழ் குமிழா வரும். அதைப் பாத்த மெக்கானிக் உடனே ஹெட்டைக் கழட்டணும்னு சொல்லிட்டார். எனக்கு மனசு ஒப்பல. ஆயில் சுத்தமா இருக்கு, காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் எரியாம இன்ஜின் நடுங்கறது) இல்ல, சைலன்சர்ல வெள்ளைப் புகை இல்ல. பிளாக் டெஸ்டர் (சிலிண்டர் புகை கூலன்ட்ல கலக்குதான்னு நீலத் திரவத்தை வச்சு பாக்கிற கருவி) வாங்கி, கழுத்துல லெவலைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துட்டு (இல்லன்னா டெஸ்டருக்குள்ள கூலன்ட் ஏறி திரவத்தைக் கெடுத்துடும்), இன்ஜின் நல்லா சூடானப்புறம் அதோட ரப்பர் பல்பை அமுக்கி அமுக்கி காத்தை இழுத்தேன். அந்த நீலத் திரவம் கம்பஷன் கேஸ்ல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு பட்டா மஞ்சளாகணும். கடைசி வரைக்கும் நீலமாவே நின்னுச்சு. அப்போ வர்ற குமிழ் சிலிண்டர்ல இருந்து வர்றது இல்ல, சாதாரணக் காத்து. அது எப்படி உள்ள போச்சு?

அதுக்கு நடுவுல தெர்மோஸ்டாட்டையும் விட்டு வைக்கல. கழட்டி, நூல்ல கட்டி, பாத்திரத்தோட அடியைத் தொடாம தண்ணில தொங்கவிட்டு சூடு பண்ணேன். மேல 82-னு பொறிச்சிருக்கு, 83-ல மெல்ல வாய் திறக்குது, 95 வரும்போது 8 மி.மீ. நல்லா திறந்து நிக்குது, ஆறவிட்டா ஒழுங்கா மூடிக்குது. பர்ஃபெக்ட். புது கேஸ்கெட் போட்டு, ஜிகிள் பின் (காத்தை வெளிய விடற குட்டி பின்) மேல் பக்கம் வர்ற மாதிரி வச்சு திரும்ப மாட்டினேன். இதுல ஒரு விஷயம் தெளிவாச்சு. உள்ள இருக்கிற மெழுகு உருகி விரிஞ்சாத்தான் வால்வு திறக்கும், மெழுகு உருகணும்னா சூடான கூலன்ட் அதைத் தொட்டுட்டே இருக்கணும். அந்த இடத்துல காத்து நின்னா சூடு சரியா ஏறாது, லேட்டா திறக்கும், திறந்ததும் ரேடியேட்டர்ல ஆறிக் கிடந்த கூலன்ட் மொத்தமா உள்ள பாயும். 107, அப்புறம் 85, இந்த ஏத்த இறக்கம் அப்படியே பொருந்துது.

சரி, காத்துதான் வில்லன். ஏர் எடுத்தேன், அதாவது உள்ள மாட்டின காத்தை வெளியேத்தினேன். ஏர் எடுத்ததும் வண்டி தங்கமா ஓடும். கொஞ்ச நாள் போனா மறுபடி களக் களக். மறுபடி ஏர் எடுத்தா மறுபடி தங்கம். ஒவ்வொரு தடவையும் காத்து புதுசா உள்ள வருது, அது வர்ற வழியைக் கண்டுபிடிக்காம வெளியேத்திட்டே இருக்கிறதுல அர்த்தமே இல்லன்னு புரிஞ்சது.

விடை குடுத்தது ஒரு மார்க்கர் பேனா. ராத்திரி முழுக்க ஆறின வண்டில காலைல டப்பால லெவல் எங்க இருக்கோ அங்க ஒரு கோடு. நல்லா ஓட்டிட்டு வந்து சூட்டோட இன்னொரு கோடு. அடுத்த நாள் காலைல திரும்ப பாக்கணும். நல்லா இருக்கிற சிஸ்டம்னா சூட்டுல ஏறின லெவல் ஆறினதும் பழைய கோட்டுக்கே வந்துடணும். என் வண்டில ஏறினது ஏறின இடத்துலயே நின்னுச்சு! மூடியைத் திறந்து பாத்தா ரேடியேட்டர் கழுத்துல கூலன்ட் ரெண்டு விரக்கடை கீழ. டப்பால நிறைய இருக்கு, ரேடியேட்டர்ல இல்ல. டப்பா ஃபுல்லா இருக்கேன்னு மூடியைத் திறந்தே பாக்காம விடறவங்கதான் அதிகம், ஆனா டப்பா லெவல் ரேடியேட்டர் லெவலைச் சொல்லாது.

இது எப்படி வேலை செய்யுதுன்னு யோசிச்சுப் பாத்தா அழகா இருக்கு. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரண சூட்டுல இருந்து 90 டிகிரிக்குப் போனா ஏறக்குறைய 4 சதவீதம் விரியும், 5 லிட்டர் சிஸ்டத்துல அது 200 மில்லி. அந்த 200 மில்லி மூடில இருக்கிற பெரிய ஸ்பிரிங் வால்வைத் தள்ளிட்டு ட்யூப் வழியா டப்பாக்குப் போகும். ஆறும்போது உள்ள வேக்குவம் உண்டாகும், மூடியோட நடுவுல இருக்கிற குட்டி வால்வு திறந்து போன கூலன்டை அப்படியே திரும்ப இழுக்கும். இழுக்கிற வழில எங்கயாவது காத்து புகுந்தா, ஓட்டை ஸ்ட்ரால உறிஞ்சற மாதிரிதான், வர்றது காத்து மட்டும். அடுத்த நாள் ஓட்டும்போது அந்தக் காத்துல கொஞ்சம் டப்பால குமிழா வெளிய போகும், மிச்சத்தை பம்ப் இழுத்துட்டுப் போய் ஹீட்டர் கோர்லயும் (டாஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற குட்டி ரேடியேட்டர்) தெர்மோஸ்டாட் கிட்டயும் சேர்க்கும். ஹெட் கேஸ்கெட்னு சொன்ன குமிழ் இதுதான்.

இப்போ ரொம்ப முக்கியமான இடம். ப்ரெஷர் டெஸ்டர் போட்டுப் பாத்தியான்னு கேப்பீங்க. போட்டேன். 1.1 பார் ஏத்தி வச்சது முள்ளு இம்மி நகரல. வேக்குவம் டூல் போட்டேன், அதுவும் பிடிச்சு நிக்குது. நல்லா கவனிச்சுப் பாருங்க, இந்த ரெண்டு டூலும் உக்கார்றது கழுத்தோட கீழ் சீட்டுல (மூடியோட ஸ்பிரிங் வால்வு அழுந்தற உள் விளிம்பு). டப்பாக்குப் போற ட்யூபை மாட்டற குட்டிக் குழாய், அதாவது நிப்பிள், இருக்கிறது அந்தக் கீழ் சீட்டுக்கும் மேல் விளிம்புக்கும் நடுவுல. அதாவது அந்த நிப்பிள், அந்த ட்யூப், மூடியோட மேல் ரப்பர் வாஷர், இது மூணும் எந்த டெஸ்ட்லயும் வரவே வராது. டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், வண்டி ஹீட் ஆகிட்டே இருக்கும். ரேடியேட்டர் மாத்தி, பம்ப் மாத்தி, ஹெட் வேலையும் பாத்து, அப்புறமும் ஹீட் ஆகற வண்டிங்க கதை நிறைய கேட்டிருக்கேன், அதுல எத்தனை வண்டில இந்த ட்யூபை யாராவது கழட்டிப் பாத்திருப்பாங்கன்னு நினைச்சா வயிறு எரியுது.

ட்யூபை ரெண்டு பக்கமும் கழட்டி, ஒரு முனையை விரலால அடைச்சு, தண்ணில முக்கி மறு முனைல ஊதினேன் (நல்லா கழுவிட்டு ஊதுங்க, கூலன்ட் விஷம்). கழுத்துப் பக்கம், ஸ்பிரிங் கிளிப் கடிச்சுப் பிடிச்சிருந்த இடத்துக்குக் கீழயே மூச்சு விடற மாதிரி பொடிப் பொடியா குமிழ். மடிச்சுப் பாத்தா முடி மாதிரி ஒரு கீறல், நேரா வச்சா கண்ணுக்கே தெரியாது. நிப்பிளைச் சுத்தி வெள்ளையும் பச்சையுமா பொரிஞ்சு போன கறை வேற இருந்தது. வெளிய போகும்போது கசியற ஒண்ணு ரெண்டு சொட்டு அந்தச் சூட்டுலயே காஞ்சுடுது, அதான் தரைக்கு ஒண்ணுமே வரல.

கழட்டினது கழட்டினீங்க, டப்பாக்குள்ள போற பாகத்தையும் பாத்துடுங்க. அது அடி வரைக்கும் போகணும். சில டப்பால உள் ட்யூப் கழண்டு பாதில நிக்கும், லெவல் கம்மியானா அதுவும் காத்தைத்தான் இழுக்கும்.

மாத்து ட்யூப் விஷயத்துல ஒரு புலம்பல். கடைல போய் இது வேணும்னு கேட்டா, எதையாவது ஒரு ட்யூபை வெட்டிக் குடுத்துடறாங்க. வைப்பர் தண்ணி ட்யூப், மீன் தொட்டி ட்யூப், கண்ணாடி மாதிரி இருக்கிற பிவிசி, எதுவும் வேண்டாம். பிவிசி சூட்டுல இளகிடும், ஆறும்போது இழுக்கிற இழுப்புல சப்பிப் போய் ஒட்டிக்கும், அப்புறம் கீறல் இல்லாமலே அதே பிரச்சனை வரும். ஃப்யூயல் ஹோஸும் இதுக்கு ஏத்ததில்ல, கூலன்டுக்குன்னே இருக்கிற ஈபிடிஎம் ரப்பர் ஹோஸ் கேளுங்க. நிப்பிளோட வெளி விட்டத்தை அளந்துட்டுப் போங்க, 6 மி.மீ. ட்யூபும் 8 மி.மீ. ட்யூபும் பக்கத்துல வச்சாத்தான் வித்தியாசம் தெரியும், பெருசை மாட்டி கிளிப்பால இறுக்கினா ஒரு பக்கம் மடிப்பு விழுந்து காத்து புகும். சுவர் நல்ல தடிமனா இருக்கணும். பழைய கிளிப்பைத் தூக்கிப் போட்டுட்டு முழு வட்டமா பிடிக்கிற கிளிப் போட்டேன், இந்த இடத்துல கடிக்கிற மாதிரி கிளிப் வேண்டவே வேண்டாம்.

மூடியும் புதுசு போட்டுட்டேன், பழைய மேல் வாஷர் கல்லு மாதிரி ஆயிருந்தது. மூடி மேல 1.1-னோ 108-னோ இருக்கும், முதல்து பார், ரெண்டாவது கிலோபாஸ்கல், ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். 0.9 வர வேண்டிய வண்டிக்கு பவர்ஃபுல்லா இருக்கட்டும்னு 1.3 போட்டா பழைய ரேடியேட்டரோட பிளாஸ்டிக் தொட்டிதான் விரிசல் விடும், கம்பெனி சொன்ன நம்பரையே போடுங்க. வாங்கும்போது நடுவுல இருக்கிற குட்டி வால்வை நகத்தால இழுத்துப் பாருங்க, சுலபமா வந்து விட்டதும் தானா ஒட்டிக்கணும். மலிவு மூடிங்க சிலதுல அது அசையவே மாட்டேங்குது, அப்படிப்பட்டதை மாட்டினா ஆறும்போது மேல் ஹோஸ் சப்பிக்கிட்டு நிக்கும்.

அப்புறம் கடைசியா ஒரு தடவை ஏர் எடுத்தது. பெரிய புனலை கழுத்துல பூட்டி, வண்டி மூக்கைத் தூக்கி நிறுத்தி, ஹீட்டர் ஃபுல் ஹாட், ப்ளோயர் கம்மி. தெர்மோஸ்டாட் திறந்து ஃபேன் ஓடி நிக்கிற வரைக்கும் ஐடில், நடுநடுவுல க்ளவுஸ் போட்டுக்கிட்டு மேல் ஹோஸை அமுக்கி விடறது. எல்லாரும் இதோட புனலைக் கழட்டிடறாங்க. கழட்டாதீங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு புனல்ல கூலன்டோடயே முழுசா ஆற விடுங்க, ஆறும்போது சிஸ்டம் இழுத்துக்குமே அந்தக் கடைசி இழுப்புலதான் ஒளிஞ்சிருக்கிற காத்துக்குப் பதிலா கூலன்ட் போய் உக்காரும். புனல்ல லெவல் நல்லாவே கீழ இறங்குச்சு.

இப்போ மார்க்கர் கோடு ரெண்டும் சொல்லி வச்ச மாதிரி வேலை செய்யுது, சூட்டுல மேல, காலைல கீழ. அதே ஏத்தத்துல 91, 92, ஒரு இடத்துல மட்டும் 93. களக் சத்தம் சுத்தமா போச்சு. அவ்வளவு சந்தோஷம்.

ஆனா வேலை பாக்கி இருக்கு. நடுவுல டாப் அப் பண்ணதுல பழைய கூலன்ட் நிறம் மங்கிப் போயிருக்கு, மொத்தத்தையும் இறக்கி டிஸ்டில்டு வாட்டர் விட்டு கழுவி ஒரே வகை கூலன்ட் போடணும். அதுக்கு முன்னாடி மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை கூலன்ட்லயும் வச்சுப் பாக்கப் போறேன், 0.1 வோல்ட்டுக்கு மேல காட்டினா கூலன்ட் செத்துடுச்சு, இல்லன்னா எர்த் எங்கயோ சரியில்ல, ரெண்டுமே அலுமினியத்தை அரிக்கும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல சேந்திருக்கிற குப்பையை எடுக்க முன் பம்பர் கழட்டணும், அது அப்புறம். இப்போதைக்கு மனசு முழுக்க டப்பா வெளிய ஒட்டற லெவல் சென்சார் மேலதான் இருக்கு, பிளாஸ்டிக் சுவருக்கு வெளிய இருந்தே தண்ணி இருக்கா இல்லையான்னு சொல்லும் கெப்பாசிட்டிவ் வகை. ரெண்டு ஒட்டணும், மார்க்கர் கோடு போட்ட அதே ரெண்டு இடத்துல. மேல் சென்சார் ஆன் ஆயிட்டு, இன்ஜின் ஆறினப்புறமும் ஆஃப் ஆகலன்னா டாஷ்போர்டுல ஒரு லைட் எரியணும். அதுக்கான சர்க்யூட்டை பேப்பர்ல வரைஞ்சுட்டேன், சென்சார் வந்து சேரட்டும்னு காத்திருக்கேன்.